சென்னிமலை படியில் விழாமல் தப்பித்தேன், எந்தக் கால் காப்பாற்றியது?

ஈரோட்டான்:
போன கிருத்திகைக்கு 1320 படியும் ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் வினை. பாதி வழியில் தொடை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்து, ஒரு படியில் வலது முட்டி அப்படியே மடங்கிவிட்டது. சரி, போச்சு என்று நினைப்பதற்குள் இடது கால் விறைத்து நின்று ஆளைத் தாங்கிவிட்டது. நான் ஒன்றும் யோசிக்கவே இல்லை. யார் சொல்லி அந்தக் கால் நின்றது?

பெருந்துறை பிசியோ:
யோசித்திருந்தால் விழுந்திருப்பீங்க. அந்த முதல் உத்தரவு தண்டுவடத்திலிருந்து வந்தது. தசைக்குள் தசைக்கதிர் என்று ஒன்று, எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும். தசைநாணில் இன்னொன்று, எவ்வளவு பாரம் என்று சொல்லும். இந்தச் சேதி அந்தத் தசையோடு நிற்காது, அடுத்த மூட்டுத் தசைக்கும் எதிர்க்காலுக்கும் போகும். காட்டில் முள் குத்தினால் குத்திய கால் மடங்க, மற்றது விறைத்துத் தாங்குமே, அது மாதிரிதான். இந்த அனிச்சைகளை ஆராய்ந்த ஷெரிங்டனுக்கு 1932இல் நோபல் கிடைத்தது.
நடையும் அப்படித்தான். கெண்டைக்காலில் பாரம் இருக்கிற வரை அந்தக் கால் எழாது. தொடை பின்னால் போய், பாரம் மற்றக் காலுக்கு மாறினால்தான் எழும். பூனைகளை வைத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது.

தோட்டத்துக்காரர்:
அப்போ தலையறுத்த கோழி நாலு எட்டு ஓடுகிறதே, அதுவும் தண்டுவடந்தானுங்களா?

பெருந்துறை பிசியோ:
ஆமாங்க. கால் மாற்றி வைக்கும் தாளம் அங்கேயே இருக்கிறது. உணர்வு நரம்புகளை அறுத்த பிறகும் அந்தத் தாளம் வருவதை 1911லேயே கிரஹாம் பிரவுன் பூனையில் காட்டினார். ஆனால் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி அதை மாற்ற, காலிலிருந்து சேதி வந்தாக வேண்டும்.

கொடுமுடி:
எங்க அப்பாவுக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போச்சு. பகலில் தரையைப் பார்த்தே நடந்துவிடுவார். குழாயடியில் முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆடுகிறார், கரண்ட் போனால் சுவரைத் தடவுகிறார். இதனால்தானா?

பெருந்துறை பிசியோ:
அதேதான். கால் சொல்லாததைக் கண் ஈடுகட்டுகிறது. டாக்டரிடம் காட்டுங்க, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.
ஈரோட்டாரே, இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதில் ஓய்ந்துபோன தசைக்கு நடுக்கம் மட்டுமில்லை, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற கணக்கே தப்பும்.

தறிக்காரர்:
உள்ளூர்க்காரன் சொல்கிறேன் தம்பி, ஏறுவது படியில், இறங்குவது கோயில் பஸ்ஸில்.