திடீரென 188க்கு ஏறி, தானே அடங்கும் இதயத் துடிப்பு: ஈசிஜியில் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை

செம்பூர் வாசகி:
எனக்கு வயது 36. எட்டு மாதங்களில் ஐந்து முறை, சுவிட்சைப் போட்டாற்போல் நெஞ்சு படபடவென்று துடிக்கத் தொடங்கி, இருபது நிமிடம் கழித்து அதேபோல் சட்டென்று நின்றுவிட்டது. கடைசி முறை குர்லா ரயில் நிலையத்தில் இறங்கி உட்கார்ந்தபோது கைக்கடிகாரம் 188 என்று காட்டியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடுவதால் ஈசிஜியும் எக்கோவும் சரியாகவே வருகின்றன. மனப் பதற்றம் என்று சொல்லி மாத்திரை எழுதித் தருகிறார்கள்; மாமியாரோ ரயில் நெரிசல்தான் காரணம் என்கிறார். இது உண்மையிலேயே பதற்றம்தானா?

மாட்டுங்கா அண்ணன்:
சகோதரி, பதற்றத்தில் துடிப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். நொடியில் தொடங்கி நொடியில் நிற்பது எஸ்.வி.டி. என்னும் இதய மின்னோட்டக் கோளாறாக இருக்கக்கூடும். எனக்கும் ஏழு ஆண்டுகள் பதற்றம் என்ற பெயரிலேயே ஓடின. துடிப்பு நிற்பதற்குள் தெருமுனை நர்சிங் ஹோமுக்குள் நுழைந்து, "பெயர், முகவரியெல்லாம் பிறகு, முதலில் ஈசிஜி எடுங்கள்" என்று கேட்டு வாங்கிய ஒரு துண்டுத் தாள்தான் முடிவு சொன்னது. நீங்களும் அப்படி எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். உடலில் மாட்டிக்கொண்டு துடிப்பைப் பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவி எனக்கு உதவவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் திருடன் அந்த ஒரு நாளிலா வருவான்?

பிறகு தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான பாதையைச் சுட்டு அடைக்கும் அப்ளேஷன் செய்துகொண்டேன். பெரும்பாலோருக்கு இது நிரந்தரத் தீர்வாகிறது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே பேஸ்மேக்கர் தேவைப்படும் நிலை வரலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், வாஷி:
எஸ்.வி.டி.யின் பரவலான வகையில், இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின் அலையைக் கடத்தும் கணுவை ஒட்டி இரண்டு பாதைகள் இருக்கும். அந்த மின் அலை ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி, செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். மூச்சை அடக்கி முக்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, அந்தக் கணு ஒரு கணம் தடைப்படுவதால் சுற்று அறுபடுகிறது. சாய்ந்து அமர்ந்து, 10 மி.லி. சிரிஞ்சின் தண்டு சற்றே நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதி, உடனே மல்லாந்து படுத்து, வேறொருவர் கால்களை 15 விநாடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் 428 பேரிடம் நடந்த ஆய்வில் இம்முறை 43 சதவீதம் பேருக்குப் பலித்தது. படுக்காமல் சாய்ந்து அமர்ந்தபடியே முக்கிப் பார்த்தவர்களில் 17 சதவீதம்தான். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே பழகுங்கள். கழுத்து நாடியை நீங்களாக அழுத்த வேண்டாம்.

நாடி சீராக ஓடுகிறதா, தாறுமாறாக ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். தாறுமாறானால் அது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். பக்கவாத அபாயத்தைக் கணக்கிட வேண்டியிருப்பதால் அதன் வைத்தியமே வேறு. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில், அந்தச் சுற்றை அறுக்க அடினோசின் ஊசி போட்டால் சில விநாடிகள் உயிரே போவதுபோல் இருக்கும், பயப்படாதீர்கள்; ஆஸ்துமா இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் சோதனைகளையும் செய்துவிடுங்கள்.

செம்பூர் வாசகி:
இருவருக்கும் நன்றி. இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கென்றே உள்ள மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஓடும் ரயிலில் வந்தால் எங்கே படுப்பது?

ஓய்வுபெற்ற செவிலியர், வாஷி:
படுக்க முயல வேண்டாம், அம்மா. முதலில் வாசலை விட்டு உள்ளே வந்துவிடுங்கள். யாரிடமாவது சொல்லி இடம் கேட்டு உட்கார்ந்து, அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.