இளம் வயதில் மாரடைப்பு வந்த பெண்கள் பின்னாளில் அதிகம் இறப்பது ஏன்? அலட்சியமா, வேறு நோய்களா?

மலர்விழி:
41 வயதில் எனக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி பாரம், தாடை வரைக்கும் வலி. முதலில் போன இடத்தில் ஈசிஜி கூட எடுக்கவில்லை. "டென்ஷன், கேஸ்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் ஐசியூவில் கிடந்தேன்.

பாஸ்டனில் 50 வயதுக்குள் மாரடைப்பு வந்த 2,097 பேரைப் பின்தொடர்ந்த யங்-எம்ஐ ஆய்வு 2020-ல் வெளியானது. மருத்துவமனையில் இருந்தவரை இறப்பில் வேறுபாடு இல்லை. வீடு திரும்பிய பிறகு, சுமார் 11 ஆண்டுகளில், பெண்கள் இறக்கும் அபாயம் ஆண்களைவிட 1.6 மடங்கு. ஆஞ்சியோவும் ஸ்டென்டும் அவர்களுக்குக் குறைவு. டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும்கூடக் குறைவு. இது அலட்சியம்தான்.

செந்தில்:
உங்களுக்கு நடந்தது அநியாயம் மேடம், அதில் பேச்சே இல்லை. ஆனால் அதே ஆய்வில் இதய நோயால் இறந்தவர்களை மட்டும் பாருங்கள்: ஆண், பெண் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கூடுதல் மரணங்கள் வேறு காரணங்களால் வந்தவை. அந்தப் பெண்களிடம் சர்க்கரை நோய், மூட்டுவாதம் போன்ற அழற்சி நோய்கள், மனச்சோர்வு எல்லாம் அதிகம்.

ஸ்டென்ட் குறைவு என்பதையும் உடனே குற்றமாக்க முடியாது. இளம் பெண்களில் கணிசமானவர்களுக்குக் கொழுப்பு அடைத்து மாரடைப்பு வருவதில்லை. இதயத் தமனியின் சுவர் தானாகவே கிழிகிறது, ஸ்கேட் (SCAD) என்பார்கள். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். அவசரப்பட்டு ஸ்டென்ட் வைத்தால் கிழிசல் இன்னும் நீளலாம்.

மலர்விழி:
ஸ்கேட் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இருந்தது கொழுப்பு அடைப்பு. "பெண்களுக்கு அறிகுறியே வேறு, அதனால் தவறிவிடுகிறது" என்ற சமாதானத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 18 முதல் 55 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த விர்கோ ஆய்வில், இருபாலரிலும் பத்தில் ஒன்பது பேருக்கு நெஞ்சுவலி இருந்திருக்கிறது. மாரடைப்புக்கு முன்பே மருத்துவரிடம் போனவர்களில், "இதயப் பிரச்சினை என்று அவர் நினைக்கவில்லை" என்று சொன்ன பெண்கள் 53%, ஆண்கள் 37%. வலி ஒன்றுதான் சார். சொன்னது யார் என்பதைப் பொறுத்துக் காது மாறியிருக்கிறது.

தேவகி (இதய மறுவாழ்வுப் பிரிவு செவிலியர்):
செந்தில் சார் சொல்லும் "வேறு காரணங்கள்" இதயத்துக்கு வெளியே தனியாக நிற்பவை அல்ல. மனச்சோர்வில் இருப்பவர் முதலில் விடுவது மாத்திரையை. போன மாதம் 38 வயதுப் பெண் ஒருவர் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். திங்கள், செவ்வாய் அறைகள் காலி, மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன. "பிள்ளைகளைக் கிளப்பிவிட்டதும் மறந்துபோகுது சிஸ்டர்" என்றார். உடற்பயிற்சி வகுப்புக்கு வருவதையும் எப்போதோ நிறுத்திவிட்டார்.

விர்கோவில் ஓராண்டுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 35 பெண்கள், 23 ஆண்கள். இன்னொன்று: குழந்தை பெறும் வயதில் இருப்பவருக்குச் சில மருந்துகளை எழுதத் தயங்குகிறார்கள். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏசிஇ வகை மருந்து கருவைப் பாதிக்கும் என்பது உண்மைதான். அதைப் பேசி, கருத்தடைக்கு வழி சொல்லி எழுதலாமே? பேசாமல் விட்டுவிடுவதுதான் அதிகம்.

செந்தில்:
அந்த மாத்திரைப் பெட்டி என்னை யோசிக்க வைக்கிறது. ஆனாலும் "அலட்சியம்" என்ற ஒரே சொல்லில் முடித்தால் தீர்வும் ஆஞ்சியோ அறையோடு நின்றுவிடும். சர்க்கரை, மனநிலை, மூட்டுவாதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்து வருடம் கவனிக்க ஆள் வேண்டும். என் வாதம் அதுதான்.

மலர்விழி:
அதை நானும் கேட்கிறேன். ஆனால் கவனிப்பு கேள்வி கேட்பதில் ஆரம்பிக்கிறது. 29 வயதில் கர்ப்பத்தின்போது எனக்கு ரத்த அழுத்தம் ஏகத்துக்கு எகிறி, குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்கள். அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் அபாயம் அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். கேஸ் மாத்திரை கொடுத்தவரும் அதைக் கேட்கவில்லை, ஐசியூவிலும் கேட்கவில்லை. மாரடைப்பு வந்து மூன்று வருடம் கழித்து, நானே படித்துத் தெரிந்துகொண்டு சொன்ன பிறகுதான் என் ஃபைலில் ஏறியது.