ரேடியேட்டருக்குப் பைப் தண்ணி போதுமாம்!

செந்தூல்காரன்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "மலேசியாவில பனியா கொட்டுது? எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துற கூலண்ட் திரவம் எல்லாம் காசு பிடுங்குற வேலை. பைப் தண்ணி போதும்லா." படிச்சதும் வயிறு எரிஞ்சுது. கூலண்ட் உறையாம இருக்க மட்டுமா? துரு பிடிக்காம இருக்கவும்தான். புரோட்டான் வீரா கார் எஞ்சின்ல அடிப்பாகம் (பிளாக்) இரும்பு, மேல்பாகம் (ஹெட்) அலுமினியம். நடுவுல பைப் தண்ணி ஓடினா அரிக்காம என்ன செய்யும்?

பிறை வண்டிக்காரர்:
எழுதினவன் நான்தான் தம்பி. பேரைச் சொல்லியே திட்டலாம். 22 வருஷமா என் வீராவுக்குப் பைப் தண்ணிதான். பினாங்குப் பாலத்து நெரிசல்ல ஒரு நாள்கூட சூடு ஏறினதில்ல. சூட்டை நல்லா இழுக்கிறது தண்ணிதான், உங்க பச்சைக் கலர் கூலண்ட் இல்ல.

செந்தூல்காரன்:
இழுக்கிறதை யாரு இல்லன்னா? கொதிக்கிறதைப் பேசுங்க. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 106 வரைக்கும் தாங்கும்.

பிறை வண்டிக்காரர்:
ரேடியேட்டர் மூடி அழுத்தத்தில தண்ணியும் 100ல கொதிக்காது. அரைகுறையாச் சொல்லாதீங்க.

செந்தூல்காரன்:
அந்த அழுத்தம் கூலண்டுக்கும் உண்டே! போன மாசம் மாமா வண்டிக்குக் கீழ படுத்து ரேடியேட்டர் திருகைத் திறந்து விட்டேன். மைலோ மாதிரி ஊத்துச்சு, அடியில மணலாட்டம் துரு. வாட்டர் பம்ப்பைக் கழட்டினா, உள்ள சுத்துற இதழெல்லாம் பிளேடு கணக்கா மெலிஞ்சிருக்கு. கட்டைவிரலால அழுத்தினேன், நுனி உதிர்ந்துருச்சு. அவரும் பைப் தண்ணிதான் ஊத்தினார். பைப் தண்ணி!

கெப்போங் அக்கா:
சண்டைய விடுங்கப்பா. சிவப்புக் கூலண்டையும் பச்சைக் கூலண்டையும் கலக்கலாமா? எங்க போமென், அதான் மெக்கானிக், கலக்கிட்டார்.

செந்தூல்காரன்:
நிறத்தை நம்பாதீங்கக்கா, கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறும். வகை வேற வேறன்னா கலக்கவே கூடாது. முழுசா இறக்கிட்டு, கையேட்டில போட்டிருக்கிற வகையையே ஊத்தச் சொல்லுங்க. கலந்தே விக்கிற பாட்டில்னா அப்படியே ஊத்தலாம். தண்ணி கலக்காத கெட்டிக் கூலண்டா இருந்தா டிஸ்டில்ட் வாட்டர் சேர்க்கணும், பைப் தண்ணி இல்ல.

பத்துமலை டிரைவர்:
போமென் பேச்சை எடுக்காதீங்க. எனக்கு ஒருத்தர் "மாத்திட்டேன்"னு காசு வாங்கிட்டு, பழசை இறக்காம பக்கத்துல இருக்கிற சின்ன ரிசர்வ் டேங்கில மட்டும் ஊத்தி அனுப்பினார்.

பிறை வண்டிக்காரர்:
அதைத்தானே நானும் சொல்றேன்! செந்தூல் தம்பியும் ஓர்க்‌ஷாப்காரர்தானே, விக்கணும்ல.

செந்தூல்காரன்:
நான் ஓர்க்‌ஷாப்காரன் இல்ல. டயர் விவாதத்திலயும் இதே பழியைத்தான் போட்டீங்க, நான் மறக்கல.

பிறை வண்டிக்காரர்:
டயர்லயும் நான் சொன்னதுதான் சரி. கோலாலம்பூர்காரங்களுக்கு எல்லாம் தங்களுக்கே தெரியும்னு நினைப்பு.

கெப்போங் அக்கா:
ஐயா, ஊரை இழுக்காதீங்க. எங்க அம்மாவும் உங்க பிறை பக்கத்து பட்டர்வொர்த்துதான்.

செந்தூல்காரன்:
ஊரு எதுக்கு? எஞ்சின் நல்லா ஆறினதும் மூடியைத் திறந்து உள்ள ஒரு படம் எடுத்துப் போடுங்க. பைப் தண்ணி என்ன பண்ணியிருக்குன்னு எல்லாரும் பார்க்கட்டும்.

பிறை வண்டிக்காரர்:
என் வண்டி, என் மூடி. உங்களுக்கு எதுக்குப் படம்? 22 வருஷம் ஓடுது, அதுக்குப் பதில் சொல்லுங்க.

செந்தூல்காரன்:
மாமா வண்டியும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, பம்ப்பைக் கழட்டுற வரைக்கும். படத்தைப் போடுங்க.