சர்வீஸிலிருந்து வந்த வண்டியில் செயின் டைட், ஆயில் அதிகம். முதலில் எதைப் பார்ப்பது?

கியர்லீவர்:
டீலர் சர்வீஸ் சென்டரில் வழக்கமான சர்வீஸ் முடிந்து வந்த வண்டி. ஒற்றை சிலிண்டர் பைக், பின்னால் டிரம் பிரேக், வாரண்டி இன்னும் இருக்கிறது. இப்போதைய நிலை:

செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் அழுத்தினால் 10 மி.மீ. கூட அசையவில்லை. மேனுவலில் 25–35 மி.மீ. ஆயில், இன்ஜினில் அளவு பார்க்கும் கண்ணாடியில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி ஈரம். பில்லில் "ஏர் ஃபில்டர் சுத்தம்" என்று இருக்கிறது, ஆனால் ஃபில்டர் கவர் ஸ்க்ரூக்களின் தலையில் பழைய புழுதி கலையவே இல்லை.

நானே சரிசெய்யலாமா, திருப்பிக் கொண்டுபோய் விடணுமா? அதுவரை ஓட்டலாமா?

மரைமுனி:
எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். செயின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, ஆயில் கண்ணாடி, போல்ட், ஸ்க்ரூ தலைகள், கடைசியாக ஓடிய கிலோமீட்டர் தெரிகிற மாதிரி மீட்டர்.

முதல் வேலை செயின்தான். இப்படியே தூரமாக ஓட்டாதீர்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலே போகும். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங்ஆர்ம் பிவட் (அது அசையும் அச்சு), பின் ஆக்சில் (சக்கர அச்சு) மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயினுக்குத் தேவைப்படும் நீளம் உச்சம். நிற்கும்போதே 10 மி.மீ. என்றால் பள்ளத்தில் இறங்கும்போது கம்பி மாதிரி விறைத்துவிடும். அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங், அதன் ஆயில் சீல், பின் ஹப் பேரிங் மீதுதான். செயின் லூசாக இருந்தால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டைட்டாக இருப்பது பெரும்பாலும் சீல் கசியும்வரை வெளியே தெரியாது.

தளர்த்தும் முறை: மேனுவல் சொல்கிற ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிகம் டைட்டாகிறதோ அங்கே அளங்கள். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவு பின்வாங்குங்கள். அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் மட்டும் போதாது, சக்கரம் தானாக நகராது. டயரைப் பின்னாலிருந்து முன்பக்கமாகத் தள்ளி அட்ஜஸ்டரில் முட்டவைக்கணும். ஸ்விங்ஆர்ம் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா பாருங்கள். ஆக்சில் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு முறுக்கி, மறுபடி செயினை அளங்கள். நட் இறுகும்போது அளவு கொஞ்சம் மாறும். நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் புதுசு போடுங்கள்.

டிரம் பிரேக் என்பதால் சக்கரம் நகர்ந்ததும் பிரேக் ராடின் ப்ளேயும் (பிரேக் பிடிக்குமுன் உள்ள தளர்வு) மாறியிருக்கும். பெடலையும் பிரேக் லைட்டையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

எஸ்ஏஇ30:
ஆயிலை இப்படி அளந்தீர்களா? இன்ஜினை 3 நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, 2–3 நிமிடம் கழித்து, வண்டியை நிமிர்த்தி சமதளத்தில். சைடு ஸ்டாண்டில் சாய்ந்தபடி கண்ணாடியைப் பார்த்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

அப்படியும் அதிகம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: மேனுவலில் ஆயில் மட்டும் மாற்றினால் ஓர் அளவு, ஆயில் ஃபில்டரோடு மாற்றினால் ஓர் அளவு, இன்ஜினைப் பிரித்துப் பூட்டினால் ஓர் அளவு இருக்கும். ஃபில்டரை மாற்றாமலே பெரிய அளவை ஊற்றிவிடுவார்கள். இல்லையென்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அவசரமாக வடித்து, பாதி உள்ளேயே தங்கியிருக்கும். ஆயில் ஃபில்டர் பில்லில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

அதிகமான ஆயிலைக் கிராங்க் கடைந்து நுரையாக்கும், இன்ஜினின் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக, ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர்பாக்ஸுக்குத் தள்ளும், சீல்களில் அழுத்தம் கூடும். எடுப்பதற்கு டிரெயின் போல்ட்டைத் திறக்க வேண்டாம். ஊற்றும் துளையில் சிரிஞ்சும் டியூபும் விட்டு 50 மி.லி. எடுத்து, மறுபடி அளந்து, தேவைப்பட்டால் இன்னொரு 50.

கியர்லீவர்:
நிமிர்த்தி வைத்துப் பார்த்தாலும் கோட்டுக்கு மேல்தான். போல்ட் ஈரத்துக்கு ஸ்பேனர் வைத்து ஒரு இறுக்கு இறுக்கிப் பார்க்கலாமா?

மரைமுனி:
வேண்டாம். அது மேலிருந்து வழிந்த பழைய ஆயிலாகவும் இருக்கலாம். நன்றாகத் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, இன்ஜினைச் சூடாக்கிப் பாருங்கள். கசிவு புறப்படும் இடம் கோடாகத் தெரியும். போல்ட்டிலிருந்துதான் என்றால் பழைய வாஷரையே போட்டிருப்பார்கள், அல்லது ஏர் கன்னில் முறுக்கி அலுமினியத்தில் மரையை அடித்திருப்பார்கள். மரை போயிருந்தால் நீங்கள் இறுக்குகிற இறுக்கில் மிச்சமும் கையோடு வந்துவிடும், பழியும் உங்கள் மேல் விழும். அதை அவர்களே திறக்கட்டும். செயின் சரிசெய்வது ஓனர் மேனுவலிலேயே இருக்கிற வேலை. பொதுவாக அதனால் வாரண்டிக்குப் பாதிப்பு வராது.

ஜாப்கார்டு:
வாரண்டி வண்டி என்பதால் என் கருத்து கொஞ்சம் வேறு. ஆயிலையும் எடுக்காதீர்கள். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் என்றால் செயினை மட்டும் தளர்த்தி மெதுவாக ஓட்டிப் போங்கள். தூரம் என்றால் வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

கவுண்டரில் சண்டை போட்டால் "அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம் சார்" என்பதோடு முடிந்துவிடும். ஒர்க்ஸ் மேனேஜருக்கு மெயில் எழுதுங்கள். வரிக்கு ஒரு குறை: மேனுவல் அளவு, நீங்கள் கண்ட அளவு, போட்டோ. பில் நம்பரைப் போட்டு, கட்டணமில்லாத ரீஒர்க் என்று புது ஜாப் கார்டு (செய்யும் வேலையின் பதிவு) திறக்கச் சொல்லுங்கள். பழைய கார்டிலேயே வாய்மொழியாகச் செய்து கொடுத்தால், ஆறு மாதம் கழித்து சீல் கசியும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது. டிரெயின் போல்ட் மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போடப் போகிறார்களா, இன்ஜின் கேஸையே மாற்றப் போகிறார்களா என்பதும் அதே கார்டில் வரட்டும்.

அடுத்த சர்வீஸுக்கு "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். "செயின் ப்ளே 30 மி.மீ., டைட் இடத்தில்", "டிரெயின் வாஷர் புதுசு", "ஆயில் ஜாசோ எம்ஏ2" (பைக் ஆயிலின் தரக்குறியீடு) என்று அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். ஃபில்டர் கவர் ஸ்க்ரூ, ஸ்பார்க் பிளக், ஆக்சில் நட் ஆகியவற்றில் பெயிண்ட் பேனாவால் ஸ்க்ரூவையும் பாடியையும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு வண்டியை விடுங்கள். திரும்பி வரும்போது கோடு நேராகவே இருந்தால் பெரும்பாலும் யாரும் அதைத் திறக்கவில்லை. டெலிவரி கையெழுத்து போடுமுன் அவர்கள் முன்னாலேயே இதைக் காட்டுங்கள்.

எஸ்ஏஇ30:
ஏர் ஃபில்டர் பற்றி ஒன்று: ஆயில் பூசிய பேப்பர் ஃபில்டராக இருந்தால் அதைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே மெயிலில் "சுத்தம் செய்யவில்லை" என்று எழுதுமுன் உங்கள் வண்டியில் எந்த வகை என்று பாருங்கள். அந்த வகை என்றால் பில்லில் அந்த வரியே தப்பு.