கட்டடக்கலைஞர்களின் சி.பி.டி. (தொழிலில் தொடர்ந்து கற்கும் பயிற்சி) மணிக்கணக்கு: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

வரைபலகை:
மதிய சாப்பாட்டு நேர சி.பி.டி. உங்களுக்குத் தெரியாததில்லை. பொருள் விற்கிறவர்கள் சாப்பாடு தருவார்கள், நாம் கையெழுத்துப் போடுவோம், ஒரு மணி நேரம் கணக்கில் ஏறும். சமீபத்தில் இன்சுலேஷன் பலகை விற்பவர் ஒருவர் வந்தார். தீப்பரிசோதனை ஸ்லைடு வந்ததும் எங்கள் டெக்னீஷியன் (கூட்டங்களில் வாயே திறக்காதவர்) கேட்டார்: "இது பலகையை மட்டும் வைத்துச் செய்த சோதனையா, கிளாடிங் என்கிற வெளிப்பூச்சுப் பலகை, இடைவெளி, தீத்தடுப்பு எல்லாம் சேர்த்த முழுச் சுவரா?" வந்தவர் அடுத்த ஸ்லைடுக்கும் போகவில்லை, முந்தியதற்கும் போகவில்லை. ரிமோட்டைப் பிடித்தபடி நின்றார். "கேட்டுச் சொல்கிறேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. சி.பி.டி. சான்றிதழ் மட்டும் அன்று மாலையே மெயிலில் வந்துவிட்டது.

கடைசித்தேதி:
ஏ.ஐ.ஏ. (அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம்) உறுப்பினர் நான். ஆண்டுக்கு 18 மணி நேரம், அதில் 12 உடல்நலம், பாதுகாப்பு சார்ந்ததாக இருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒரு திரையில் வீடியோ, இன்னொன்றில் நான் வரையும் படிக்கட்டின் வெட்டுத்தோற்றம். வீடியோவில் பார்வை குறைந்த ஒரு பெண் பேசினார்: "கடைசிப் படி எது என்று தெரியாது. இல்லாத படியைக் காலால் தேடுவேன்." கை அப்படியே நின்றுவிட்டது. படி விளிம்புக்கு அடர்நிறப் பட்டை வரைந்து அனுப்பினேன். செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் அடிபட்டது அதுதான்.

டிஸ்கொயர்:
வரைபலகை, குறை விற்பவர் மேல் மட்டும்தானா? சோதனை அறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், தராதவருக்கு நேரம் தராதீர்கள். பி.எஸ். 8414 என்கிற பிரிட்டிஷ் தீப்பரிசோதனை முழு வெளிச்சுவர் அமைப்புக்கானது. அதில் ஒரு பொருளை மாற்றினாலே அந்த முடிவு பொருந்தாது. 2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரக் குடியிருப்பில் வெளிச்சுவர் வழியே தீ பரவி 72 பேர் இறந்த பிறகும் இதைக் கேட்க ஒரு டெக்னீஷியன்தான் வேண்டியிருக்கிறதா? அப்புறம் கடைசித்தேதி, டிசம்பரில் உட்கார்ந்தால் அப்படித்தான். பிரிட்டனின் கட்டடக்கலைஞர் சங்கமான ரிபா கேட்பது ஆண்டுக்கு 35 மணி நேரம். வகுத்தால் வாரத்துக்கு 40 நிமிடம். அதைக் கையிலிருக்கும் வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கூரை விவரம் வரையும் வாரத்தில் நீராவி குளிர்ந்து படிவதைப் பற்றிப் படியுங்கள், டெண்டர் வாரத்தில் ஒப்பந்தம் படியுங்கள். படித்த அன்றே நாலு வரி குறித்து வையுங்கள். அங்கே கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் ஏ.ஆர்.பி. இப்போது மணிக்கணக்கே வைப்பதில்லை. கற்றது வேலையில் எப்படிப் பயன்பட்டது என்று எழுதச் சொல்கிறது. எனக்கும் ஒரு அனுபவம் உண்டு, அது பெரிதாக ஒன்றுமில்லை.

வரைபலகை:
சார், அறிவுரை கேட்கவில்லை. அந்தக் கேள்வி கேட்டவர் கணக்கில் ஒரு மணி நேரம்கூட ஏறாது. அவருக்கு சி.பி.டி. கட்டாயமில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

ஒற்றைமேசை:
40 நிமிடமா? என் அலுவலகத்தில் நான் ஒரே ஆள், போனையும் நானேதான் எடுக்க வேண்டும். சம்பளமில்லாத ஒரு நாளை ஒதுக்கி ஒப்பந்தச் சட்டக் கருத்தரங்குக்குப் போனேன். காலதாமத நோட்டீஸ் பற்றி ஒரே ஒரு சந்தேகம், அதற்காகவே போனேன். சரியாக அந்தப் பகுதி தொடங்கும்போது தளத்திலிருந்து போன், கான்கிரீட் லாரி வந்துவிட்டது, கட்டிய கம்பியைச் சரிபார்க்க ஆளில்லை என்று. வெளியே ஓடிப் பேசிவிட்டுத் திரும்பினால், பேச்சாளர் முடித்துக்கொண்டிருக்கிறார்: "ஆக, அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எழுத்தில் தந்துவிடாதீர்கள்." அரங்கமே தலையாட்டுகிறது. ஸ்லைடு தர மாட்டாராம். எதைத் தரக்கூடாது? தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.