விண்டோஸில் மட்டும் ஐஎன்ஐ கோப்பு படிக்க மறுக்கிறது: பைட் 0எக்ஸ்8டி பிழை

கேள்வி:
பைத்தான் 3.11, ஐஎன்ஐ அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் கான்ஃபிக்பார்சர் நூலகம். அமைப்புக் கோப்பின் முதல் வரி [செயலி], இரண்டாவது வரி தலைப்பு = முகப்பு. லினக்ஸில் சிக்கலே இல்லை. விண்டோஸில் 'சார்மேப் கோடெக்கால் பைட் 0எக்ஸ்8டி-ஐ டிகோடு செய்ய முடியவில்லை, இடம் 32' என்று நின்றுவிடுகிறது. எரர்ஸ்=இக்னோர் போட்டுத் திறக்கலாமா?

பதில் 1:
இக்னோர் வேண்டவே வேண்டாம். அது பைட்டை வீசிவிடும், பிறகு மீட்க வழியில்லை. உங்கள் கோப்பில் கோளாறு எதுவும் இல்லை, படிக்கிற முறைதான் தவறு. என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறியேற்றம்) சொல்லாமல் திறந்தால் 3.14 வரையிலான பைத்தான் விண்டோஸின் உள்ளூர் குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். உங்களிடம் அது சிபி1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியேற்றம். உங்கள் கோப்போ யூடிஎஃப்-8-இல் இருக்கிறது.

32-ஆம் இடத்தை எண்ணிப் பாருங்கள். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; 'செ' என்பது ச, எகரக் குறி என இரண்டு குறி. முதல் வரியில் ஐந்து குறிகளுக்கு 15, அடைப்புக்குறிகள் 2, வரிமுடிவு 1, ஆக 18. அடுத்து த, ல, ஐகாரக் குறி, ப ஆகியவற்றுக்கு 12. அதன் பின் வரும் புள்ளி 224, 175, 141. எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் அந்த 141 உட்காருவது சரியாக 32-இல். 141-ஐப் பதினாறடிமான முறையில் எழுதினால் வருவதுதான் 0எக்ஸ்8டி.

தீர்வு: ரீட் அழைப்பிலேயே என்கோடிங்=யூடிஎஃப்-8 கொடுங்கள். எழுதும் இடத்திலும் மறக்காமல் கொடுங்கள்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். சிபி1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்டுகள் காலி, அதாவது அவற்றுக்கு எந்த எழுத்தும் இல்லை; அதனால்தான் பிழை. தமிழில் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவை இவற்றில் மாட்டும். 'வானிலை' போன்ற சொல்லில் இவை எதுவும் இல்லை. அது பிழையே காட்டாமல் குப்பை எழுத்தாக உள்ளே போய்விடும், நிரல் அதைத் திரும்பச் சேமித்தால் கோப்பே கெடும். அப்படிக் கெட்டதை சிபி1252-ஆக என்கோடு செய்து, யூடிஎஃப்-8-ஆக டிகோடு செய்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் ஒரே ஒரு கணினியில் இப்போது 'பகுதித் தலைப்பு இல்லை, வரி 1' என்கிறது. எடிட்டரில் [செயலி] தெளிவாகத் தெரிகிறது.

பதில் 1:
அங்கே கோப்பின் தலையில் பிஓஎம் என்ற குறியேற்ற அடையாளம் ஒட்டியிருக்கிறது: 239, 187, 191 என்ற மூன்று பைட். கண்ணுக்குத் தெரியாது, பார்சருக்கு மட்டும் தெரியும். விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல் 5.1-இல், கோப்பில் எழுதும் செட்-கன்டென்ட் கட்டளைக்கு யூடிஎஃப்8 என்று சொன்னால் அதைச் சேர்த்தே எழுதும், முதலில் அங்கே தேடுங்கள். படிப்பதற்கு யூடிஎஃப்-8-சிக் போடுங்கள், பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படித்துவிடும். எழுதுவதற்கு வெறும் யூடிஎஃப்-8. எழுதும்போதும் சிக் போட்டால் நீங்களே பிஓஎம் ஒட்டுவீர்கள்.

பதில் 3:
என்கோடிங் விட்டுப்போன மற்ற இடங்களைக் கண்ணால் தேட வேண்டாம். பைத்தான் 3.10 முதல், அதை இயக்கும் கட்டளையின் எக்ஸ் விருப்பத்தில் வார்ன்_டிஃபால்ட்_என்கோடிங் என்று கொடுத்து டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். ஓடுகிற பாதையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வரும். எடிட்டர்களுக்கான பொது அமைப்புகளை வைக்கும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் சார்செட் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டால், அதை மதிக்கிற எடிட்டர்கள் பிஓஎம் இல்லாமலே சேமிக்கும்.