தாத்தா ஏன் பத்து வயதோடு பள்ளிக்கூடம் விட்டார்?

புசல்லாவைப் பேரன்:
என் தாத்தா 1915 வாக்கில் இலங்கை மலையகத்தில், புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் என்றால் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கோடியில் ஒரு காம்பரா (அறை), எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். சிலேட்டு எல்லாருக்கும் கிடைக்காது. ஆற்று மணலைச் சலித்துத் தரையில் பரப்பி விரலால் எழுத வேண்டும். நுனி தேய்ந்து எரியும் என்பார். கடைசிக் காலத்திலும் ஆத்தா (பாட்டி) ரொட்டிக்கு மா பரப்பினால் அவர் விரல் சும்மா இருக்காது. ஒரு 'அ' போட்டுவிட்டுத்தான் நகருவார். ஆத்தா திட்டிக்கொண்டே அழிப்பார்.

ஏன் படிப்பை விட்டீர்கள் என்று கேட்டால், "பத்து வயசாச்சு, பேர் பதிஞ்சிட்டாங்க" என்பார். அவ்வளவுதான். அதென்ன பத்து? வீட்டு வறுமையா, தோட்டத்து நிர்வாகி துரை விரட்டினாரா? அவர் பெயர் ஏதாவது இடாப்பில் (பெயர்ப் பதிவேட்டில்) கிடைக்குமா?

அட்டன் வாத்தியார் (ஓய்வு):
தம்பி, பத்து என்பது சட்டத்திலேயே இருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் துரைமார்மேல் போட்ட கடமை அவ்வளவுதான்: ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் படிப்பு, அதற்கொரு அறை. அதைத் தாண்டினால் யார் கேட்பது? புல்லு வெட்ட அனுப்பலாம். 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் தோட்டத்தோடேயே கிடந்தன. அரசு பெருவாரியாகப் பொறுப்பெடுத்தது எழுபதுகளில்தான்.

அந்தப் பள்ளி இப்போது அரசாங்கப் பாடசாலையாக இருந்தால் அதிபரிடம் பழைய சேர்விடாப்பைக் கேளுங்கள். கரையான் விட்டுவைத்திருக்க வேண்டும், அது வேறு கதை. தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு, இருந்தால் அதையும் பாருங்கள். பள்ளியில் பெயர் வெட்டிய மாதமும் செக்ரோலில் பெயர் விழுந்த மாதமும் ஒன்றாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பதுளைக்காரி:
இடாப்பில் தேட உங்களுக்கு ஒரு பெயராவது இருக்கிறது. எங்கள் அப்பாயி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று பாடம் கேட்டவர். ஆத்திசூடியை வரி தவறாமல் சொல்வார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அவரை எந்த இடாப்பில் தேடுவது?

புசல்லாவைப் பேரன்:
நன்றி ஐயா, வருகிற வாரம் அதிபரைப் போய்ப் பார்க்கிறேன்.

அக்கா, எங்கள் ஆத்தாவும் பள்ளிக்கூடம் போகாதவர்தான். மாவில் அழித்தது 'அ' என்று அவருக்குத் தெரியுமா? நான் கேட்டதே இல்லை.